துணிக் கயாக்: முதல் தோல் ஏன் உரிந்தது, இரண்டாவது எப்படி நின்றது

மரச்சட்டகம் செய்து, அதன்மேல் துணியை இழுத்துத் தைத்து, அந்தத் துணிக்கு நீர் புகாத பூச்சு கொடுத்துச் செய்கிற கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகைப் பற்றிய அனுபவம் இது. சட்டகத்துக்கு அளவுகள், வரைபடங்கள், விலாக்கட்டைகளை ஆவியில் வைத்து வளைக்கும் முறை என்று எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறார்கள். தையலுக்கும் அப்படியே. பூச்சு என்று வந்ததும் பெரும்பாலானவர்கள் "நல்ல பெயிண்டாக மூன்று கோட் அடித்துக் காயவிடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. தைத்து முடித்த ஒரு முழுத் தோலையே, அதாவது சட்டகத்தைப் போர்த்திய துணியையே, அறுத்து எறிய வேண்டி வந்தது. மரத்துக்கு ஆனதைவிடத் துணி, பெயிண்ட், தின்னர் என்று போன காசு அதிகம். தண்ணீரில் இருந்திருக்க வேண்டிய ஒரு பருவம் முழுக்கக் கொட்டகைக்குள் சுரண்டுவதிலேயே கழிந்தது. இப்போது அதே சட்டகத்தின்மேல் இரண்டாவது தோல் உறுதியாக நிற்கிறது, அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது. துணியைத் தைத்துவிட்டுக் கையில் பெயிண்ட் டப்பாவோடு நிற்கிற ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படகின் உடல் அசையும். ஃபைபர் படகு ஒரே ஓடு, அலை அடித்தால் ஓடு தாங்கிக்கொள்ளும். துணிப்படகில் கட்டைகள் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும், அலை வரும்போது சட்டகம் நெளியும், துணி அதோடு சேர்ந்து இழுபடும், தளரும். இந்த வகைப் படகை உருவாக்கிய ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், அலூட் மக்கள் சீல், கடற்சிங்கம் ஆகியவற்றின் தோலைப் போர்த்தினார்கள். தைத்தவர்கள் பெண்கள். ஊசி தோலின் முழுக் கனத்தையும் துளைத்து மறுபக்கம் போய்விடாமல், பாதிக் கனத்துக்குள்ளேயே நூலை ஓட்டி ஒழுகாத தையல் போட்டார்கள். கொழுப்பும் எண்ணெயும் தடவினார்கள், ஊறிய தோலைக் கரையேற்றி உலர்த்தினார்கள், மறுபடி தடவினார்கள். அந்தக் கொழுப்பு தோலுக்குள் இறங்கி நின்றது, மேலே ஏடாகப் படியவில்லை. நாம் நைலானுக்கும் பாலியஸ்டருக்கும் மாறிவிட்டோம், ஆனால் பூச்சு செய்ய வேண்டிய வேலை அதேதான். அது இழைகளுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும், துணி வளையும்போது கூடவே வளைய வேண்டும். எனக்கு வந்த தொல்லை முக்கால்வாசி இந்த இரண்டில் ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் வந்ததுதான்.

நான் முதலில் வாங்கியது கனமான நைலான். விற்றவரிடம் இதில் ஏதாவது ஃபினிஷ் போட்டிருக்கிறதா, மேலே பூச்சு அடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கேட்டேன், வெறும் துணிதான் என்றார். சட்டகத்தின்மேல் போர்த்தி, முன்முனையிலும் பின்முனையிலும் மாட்டி இழுத்து, மேல்தளத்தின் நடுவாக மெழுகு நூலால் தைத்தேன். இங்கே ஒரு சின்னக் குறிப்பு: நைலானை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டாம், சூடான சால்டரிங் அயர்ன் நுனியால் வெட்டினால் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. தையல் முடிந்ததும் வெந்நீர் ஊற்றி நனைத்து உலரவிட்டேன். சுருக்கமெல்லாம் மறைந்து மேளத்தோல் போல விறைத்து நின்றது. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை, போய்ப்போய் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் துணிக்குள்ளே விலாக்கள் வரிசையாகத் தெரியும். அந்த அழகுக்காகவே பலர் இந்தப் படகைச் செய்கிறார்கள், நானும் அதில் ஒருவன்.

பூச்சுக்கு எண்ணெய் எனாமல் எடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கும் கிடைக்கும், விலை கட்டுப்படியாகும், கான்வாஸ் போர்த்திய பழைய படகுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் பெயிண்ட் அடித்துத்தான் ஓட்டியிருக்கிறார்கள். முதல் கோட்டைத் தின்னர் கலந்து நீர்க்க அடித்தேன். அப்போதே சில இடங்களில் பெயிண்ட் பரவாமல் பின்வாங்கி, சின்னச் சின்ன வட்டமாகத் துணி தெரிந்தது. மறுபடி பிரஷ்ஷை ஓட்டினால் மூடிக்கொண்டது. இரண்டாவது கோட்டுக்கு மேல் அந்த வட்டங்களின் சுவடே இல்லை. மூன்றாவது கோட் காய்ந்தபோது கண்ணாடியாக மின்னியது. டப்பாவில் போட்டிருந்த நேரத்தைவிடப் பல மடங்கு அதிகமாகக் காயவிட்டுத்தான் தண்ணீரில் இறக்கினேன்.

இறக்கிய கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே துணி உள்வாங்குவது தெரிந்தது. விறைத்து நின்ற துணி, தளர்ந்து விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே குழி விழ ஆரம்பித்தது. கரைக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் விலாக்களின் மேலும், பக்கவாட்டுக் கட்டை நெடுகவும் மயிரிழை வெடிப்புகள். ஒரு வெடிப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் ஏடாகக் கழன்று வந்தது. அந்த ஏட்டின் அடிப்பக்கத்தில் துணியின் நெசவு அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது, துணியிலோ ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. எங்கோ ஒரு மூலையில் பிடிக்கவில்லை என்றால் ஒட்டுப் போடலாம், இதில் பெயிண்ட் எங்குமே பிடித்திருக்கவில்லை, சும்மா மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது. அன்றைக்குப் படகைத் தூக்கி வண்டியில் கட்டவே கை வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோலைக் காப்பாற்றப் பார்த்ததில்தான் பருவம் போனது. கழன்ற இடங்களைச் சுரண்டி எடுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, மேலே மறுபடி அடித்தேன். அடித்த இடம் நின்றது, அதன் பக்கத்து இடம் உரிந்தது. தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன், பெயிண்ட் இளகிப் பிசுபிசுவென்று நெசவின் பள்ளங்களில் போய் அடைந்துகொண்டது, முன்பைவிட மோசம். உப்புத்தாள் துணியில் பட்ட இடமெல்லாம் இழை அறுந்து பஞ்சாகக் கிளம்பியது. இது முக்கியம், நைலான் துணியைத் தேய்க்கவே கூடாது, பூச்சின் மேல்பரப்பைத்தான் லேசாகத் தேய்க்கலாம். நெசவு வரைக்கும் போய்விட்டால் கிளம்பிய பஞ்சு அடுத்த கோட்டில் நனைந்து நின்று முள்முள்ளாக இறுகிவிடும். கடைசியில் சுரண்டும்போது கத்தி நுனி துணிக்குள் இறங்கி ஒரு கீறல் விழுந்தது. அப்புறம் கொஞ்ச நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போன நேரம் ஒருபுறம், அதைவிட, இரவில் படுத்துக்கொண்டு அடுத்து எதைத் தடவிப் பார்க்கலாம் என்று யோசித்தே தூக்கம் கெட்டது.

காரணம் இரண்டு. முதலாவது, அந்தத் துணியில் நீர்விலக்கி ஏற்றியிருந்தது. பை, கூடாரம், மழைக்கோட்டு தைக்க வருகிற நைலான் பலவற்றில் ஆலையிலேயே அது ஏற்றப்பட்டிருக்கும், சிலவற்றில் ஒருபக்கம் மெல்லிய பாலியூரிதேன் படலமும் இருக்கும். தொட்டால் தெரியாது, விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பெயிண்ட் அடித்தபோது வட்டவட்டமாகப் பின்வாங்கியதற்கு அதுதான் காரணம். வெந்நீர் ஊற்றியபோது பாதித் தண்ணீர் உருண்டு ஓடியதும் அதனால்தான், இறுக்கமான நெசவு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது தோன்றியது. சோதிக்க ஒரு நிமிடம் போதும். வாங்கும் முன் ஒரு துண்டு கேளுங்கள், அதன் இரண்டு பக்கத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு பரவி உள்ளே இறங்கினால் நல்ல துணி. முத்தாக நின்று, சாய்த்தால் உருண்டு ஓடினால் வேண்டாம். துவைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். பருத்தியில் ஏற்றிய கஞ்சி துவைத்தால் போகும், நைலானில் ஏற்றிய நீர்விலக்கி சோப்புக்கு அசையாது. அதோடு போராடுவதற்கு வேறு துணி வாங்குவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது காரணம் நைலானின் இயல்பு. அது தண்ணீரைக் குடிக்கும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 4 சதவீதம் நீரை எடுத்து வைத்துக்கொள்ளும், நனைந்தால் இன்னும் கூடும், கூடக்கூட நீளும். பாலியஸ்டர் அதே காற்றில் அரை சதவீதம்கூட எடுத்துக்கொள்வதில்லை. அதனால் நைலான் தோல் ஈரத்தில் கொஞ்சம் தளர்வது குறையல்ல, உலர்ந்ததும் மறுபடி இறுகும். ஆனால் அதன்மேல் இருக்கிற பூச்சு அந்தத் தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். எண்ணெய் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகிறது, போகப்போக நொறுங்கும் தன்மை வந்துவிடும். பருத்தி கான்வாஸில் அது உள்ளே ஊறிப் பிடிக்கும், அதனால் அங்கே நிற்கிறது. வழுவழுப்பான நைலான் இழையில் ஊற இடமில்லை. எனவே கான்வாஸ் படகுக்குச் சொன்ன யோசனையை அப்படியே நைலானுக்குக் கொண்டுவராதீர்கள். யாராவது ஒரு பூச்சைப் பரிந்துரைத்தால் எந்தத் துணியில் அடித்தீர்கள், எத்தனை வருடமாக நிற்கிறது என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த இடத்தில் பூச்சுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். எபாக்சி நல்ல பசை, மரத்துக்கு அருமை, ஆனால் அசையும் துணிக்கு ஆகாது, விறைத்து இறுகி விலாக்களின் மேல் வெடிக்கும். வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன் மலிவு, வாசனை குறைவு, நன்றாக வளையும், கான்வாஸிலும் பாலியஸ்டரிலும் அடித்துத் திருப்தியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் வாரக்கணக்கில் மென்மையாகவே இருக்கும், வண்டியில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினால் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். பழைய குறிப்புகளில் ஹைபலான் பெயிண்ட் என்று அடிக்கடி வரும், தேடி அலைய வேண்டாம், அந்த ரப்பரைத் தயாரித்த டூபான்ட் 2010இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கிற பாலியூரிதேன்தான் இன்று துணிக் கயாக் செய்கிறவர்கள் அதிகம் நம்புவது. விலை கூடுதல், கையாளக் கடினம், உடம்புக்கு ஆபத்தும் உண்டு, ஆனால் இழைக்குள் இறங்கி ரப்பராக இறுகும், தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். அதிலும் இரண்டு வகை இருக்கிறது. அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளாகிக் கறுக்கும், அலிஃபாட்டிக் வகை நிறம் மாறாது. விலா தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவும் தோல் வேண்டும் என்றால் இரண்டாவது வகைதான் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது தோலுக்குப் பாலியஸ்டர் எடுத்தேன், சொட்டுத் தண்ணீர் சோதனை செய்த பிறகுதான் காசைக் கொடுத்தேன். பாலியஸ்டரின் பெரிய வசதி, சூட்டில் சுருங்குவது. சிறு விமானங்களின் இறக்கைக்குத் துணி போர்த்துகிறவர்கள் செய்கிற அதே முறைதான்: சுமார் 120 டிகிரி செல்சியஸில் இஸ்திரிப் பெட்டியை வைத்து முழுப் படகையும் ஒருமுறை தேய்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றி, 175 டிகிரியோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் துணி இறுகுவதற்குப் பதில் தளர்ந்துவிடும். ஒரே பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், மெல்லிய சட்டகத்தைத் துணி இழுத்து முறுக்கிவிடும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாறிமாறிப் போங்கள். இஸ்திரிப் பெட்டியின் குமிழில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் ஒரு வெப்பமானியால் அடித்தட்டை அளந்து, குமிழில் பேனாவால் குறி வைத்துக்கொண்டேன், அது மிகவும் உதவியது.

படகைத் தொடும் முன் ஒரு மாதிரிச் சட்டம் செய்யுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நான்கு குச்சியை ஆணியடித்து, நடுவே விலா மாதிரி ஒரு குச்சியை வைத்து, அதே துணியின் மிச்சத்தை இழுத்துக் கட்டி, சிறு தையலும் போட்டு, அடிக்கப்போகிற பூச்சையே அத்தனை கோட்டும் அடியுங்கள். இறுகிய பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, நல்ல ஒட்டு டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கட்டம் டேப்போடு வந்தால் அந்தப் பூச்சு அந்தத் துணிக்கு ஆகாது. அப்புறம் வாளித் தண்ணீரில் முழு இரவும் போட்டு, மறுநாள் எடுத்துக் கையால் அழுத்தி, மடக்கி, மறுபடி டேப் சோதனை. ஈரத்தில் நின்றால்தான் நின்றதாக அர்த்தம். என்னுடைய எனாமலும் காய்ந்த துணியில் அழகாகத்தான் நின்றது.

இவ்வளவுக்குப் பிறகும் பாலியூரிதேன் என்னைச் சும்மா விடவில்லை. முதல் கோட் அடித்தது ஒரு புழுக்கமான முற்பகல், மழை வரும்போல இருந்தது. அடித்துக்கொண்டு போகப்போக, பின்னால் அடித்து முடித்த இடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் பொங்கின. உடனே நெஞ்சு படபடத்தது, இதுவும் போச்சு என்றே நினைத்தேன். இதற்கும் காரணம் இரண்டு. பாலியூரிதேனை இறுகச் செய்யும் பாகத்தில் இருக்கிற ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் அதோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை விடும், அந்த வாயுதான் குமிழி. காற்றில் ஈரம் அதிகம் இருந்தாலும், துணி லேசாக நமுத்திருந்தாலும், பிரஷ்ஷில் ஒரு துளி நீர் இருந்தாலும் இது நடக்கும். இன்னொன்று, காலை ஏற ஏறப் படகுக்குள் இருந்த காற்று சூடாகி விரிந்து, துணியின் நெசவு வழியாக ஈரப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அதனால் பூச்சு அடிக்கிற நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வானத்தையும் ஈரமானியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பெயிண்ட் தொழிலில் ஒரு கணக்கு உண்டு, அடிக்கிற பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். வெயில் உச்சி தாண்டிச் சூடு இறங்க ஆரம்பிக்கிற நேரத்தில், நிழலில், உட்காரும் வாயை, அதாவது மேல்தளத்தில் ஆள் இறங்கி உட்காரும் திறப்பை, திறந்தே வைத்துக்கொண்டு அடித்தால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், பூச்சை வெளியே தள்ளாது, நெசவுக்குள் இழுக்கவே செய்யும். அடுத்த முறை அப்படித்தான் அடித்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. முதல் கோட்டில் வந்த குமிழிகளை அது இறுகியதும் நுனி மட்டும் போகும்படி லேசாகத் தேய்த்துவிட்டு மேலே அடித்தேன், உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும், ஒழுகவில்லை.

கலப்பதில் அவசரம் வேண்டாம், அடிப்பதில் சுறுசுறுப்பு வேண்டும். விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்று டப்பாவில் பார்த்து அதன்படியே அளங்கள், கண்ணளவு கூடாது, விகிதம் பிசகினால் சில இடம் என்றைக்கும் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஒரு கிண்ணத்தில் கலக்கி, ஓரத்தையும் அடியையும் வழித்து, அதை இன்னொரு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்குவது நல்ல பழக்கம், ஓரத்தில் கலக்காமல் நின்ற பாகம் படகுக்குப் போகாது. கலந்ததைக் கிண்ணத்திலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடும், அதனால் கொஞ்சமாகக் கலந்து தட்டையான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். துணியில் ஊற்றி, வளைகிற பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தி இழுத்தால் நெசவுக்குள் இறங்கும், ரோலரில் அது நடக்காது. முதல் கோட்டில் துணி இனி குடிக்காது என்கிற வரை கொடுத்து, மிச்சத்தை வழித்து எடுத்துவிடுங்கள். அடுத்த கோட்டை முந்தையது விரலில் ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்கிற நிலையில் அடிப்பதுதான் நல்லது, இரண்டும் ஒன்றாகப் பிணைந்துகொள்ளும். ஒரு நாள் தாண்டிவிட்டால் மேல்பரப்பை மெல்லத் தேய்த்து மினுக்கத்தைப் போக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கனமாக அடித்து ஒரே கோட்டில் முடிக்க நினைத்தால் பக்கவாட்டுக் கட்டைக்குக் கீழே வழிசல் வழிசலாகத் தொங்கும். அடித்து முடித்த பிறகும் போய்விடாதீர்கள், படகைச் சுற்றிச் சுற்றி வந்து, கட்டைகளின் ஓரத்திலும் முன்முனைக்குக் கீழேயும் சேர்கிற வழிசலைத் தகட்டால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையில் பாதி அந்தச் சுற்றல்தான். தையலுக்கு மட்டும் தனியாக, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு நூல்துளையிலும் குத்திக்குத்தி இறக்குங்கள், உட்காரும் வாயின் வளையத்தைத் தைத்த இடத்திலும் அப்படியே. அடியில் நீளமாக ஓடும் கட்டையின் மேல் இருக்கிற துணிதான் மணலிலும் கல்லிலும் முதலில் தேயும், அங்கே ஒரு பட்டையாகக் கூடுதல் கோட் கொடுங்கள்.

உடம்பைப் பற்றி. எனாமல் அடித்த நாட்களில் மூடிய கொட்டகைக்குள் தலைவலியோடு கிடந்திருக்கிறேன், அது அனுபவிக்க வேண்டிய கஷ்டமே அல்ல. பாலியூரிதேனின் ஐசோசயனேட் அதைவிடப் பொல்லாதது. நுரையீரல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த ஆவிகூட ஆஸ்துமா மாதிரி மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், அது வாழ்நாள் முழுக்க இருக்கலாம். தூசிக்குப் போடுகிற துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிற ரெஸ்பிரேட்டர், நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றோட்டம், இதெல்லாம் இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். எக்காரணம் கொண்டும் ஸ்ப்ரே செய்யாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர் என்றால் இந்தப் பூச்சை விட்டுவிட்டு பாலியஸ்டர் மேல் அக்ரிலிக் எமல்ஷனுக்குப் போய்விடுங்கள், படகு கொஞ்சம் சீக்கிரம் தேயும், பரவாயில்லை. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

காய்வது வேறு, இறுகுவது வேறு என்பதைப் பொறுமை இல்லாத எல்லோரும் ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பது மேல்பரப்பின் நிலை மட்டும்தான். எனாமல் கனமாக விழுந்த இடங்களில் மேலே தோல் கட்டிக்கொண்டு அடியில் பிசைந்த மாவாக நெடுநாள் கிடந்ததை நான் சுரண்டும்போது பார்த்தேன். நகத்தை மறைவான ஓர் இடத்தில் அழுத்திப் பாருங்கள், தடம் பதிந்து நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. முழுக்க இறுகும் வரை தாங்கிகளின் மேல் அகலமான பட்டையில் தொங்கவிடுங்கள், ஒரே இடத்தில் அழுத்தம் விழக்கூடாது, வெயிலிலும் வைக்க வேண்டாம்.

தண்ணீரில் இறக்கும் முன் ஒழுகல் சோதனை. இருட்டியதும் படகுக்குள் சூடாகாத எல்.இ.டி. விளக்கை வைத்து வெளியே சுற்றி வந்து பாருங்கள், பூச்சு மெலிந்த இடமும் ஊசித்துளையும் பளிச்சென்று தெரியும், பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்த நாள் உள்ளே இரண்டு மூன்று குவளை தண்ணீர் மட்டும் ஊற்றி, படகை மெல்ல இப்படியும் அப்படியும் சாய்த்து, வெளியே எங்கே கசிகிறது என்று காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். நிறைய ஊற்றாதீர்கள், துணி அந்தப் பாரத்துக்காகத் தைத்ததல்ல. துணிக் கயாக் என்றால் மொத்தமே பெரும்பாலும் 12 முதல் 18 கிலோதான் இருக்கும், கசிவைப் பயந்து கோட்டுமேல் கோட் ஏற்றினால் அந்த லேசான தன்மை போய்விடும். துளை இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

ஏற்கெனவே உரிய ஆரம்பித்த படகு வைத்திருக்கிறவர்களுக்குக் கடைசியாக. உரிந்த ஏட்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடியில் இழை பிய்ந்து ஒட்டியிருந்தால் பூச்சு பிடித்துத்தான் இருந்தது, அடியோ தேய்மானமோ பட்டு உரிந்திருக்கிறது, உறுதியான ஓரம் வரை சுரண்டி அதே பூச்சை மறுபடி கொடுக்கலாம். நெசவின் அச்சு மட்டும் சுத்தமாகப் பதிந்திருந்தால் எந்தப் பெயிண்டும் அந்தத் துணியைக் காப்பாற்றாது, தின்னருக்கும் உப்புத்தாளுக்கும் செலவழிக்காமல் அந்த வாரமே அறுத்துவிடுங்கள். மேல்தளத் தையலை மட்டும் வெட்டி முழுத் துண்டாகக் கழற்றினால் புதுத் துணிக்கு அளவு எடுக்க உதவும். சட்டகம் வெறுமையாக இருக்கும்போது தளர்ந்த கட்டுகளை இறுக்கிவிடலாம், அழுகல் இருக்கிறதா என்று குத்திப் பார்த்துவிடலாம், மறுபடி எண்ணெயும் பூசலாம். ஆனால் எண்ணெய் பூசினால், வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தும் கறை ஒட்டாத நிலை வரும் வரை புதுத் துணியைப் போர்த்த வேண்டாம், இறுகாத எண்ணெய் துணியில் ஊறினால் அந்த இடத்திலும் பூச்சு பிடிக்காது.